கல்லுக்கும் திசை உண்டு, வானத்துக்கும் திசை உண்டு: அங்கோர் வாட் படம் பற்றிய ஒரு கேள்வி

18 ஏப்ரல் 2025, மாலை 6.10
சிங்கப்பூர் தெம்பனிஸ் வாசகரின் கேள்வி

ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலுக்குச் செல்லவிருக்கிறோம். கோபுரங்களுக்கு நேர் மேலே பால்வீதி செங்குத்தாக நிற்கும் படங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படியொரு படம் எடுக்க எந்த லென்ஸ் வேண்டும்? அதற்கு முன் சிங்கப்பூரில் எங்கே பயிற்சி செய்யலாம்? அங்கே வானம் சரியாக அமையாவிட்டால், வேறோர் இரவில் வேறோர் ஊரில் எடுத்த வானத்தை ஒட்டிக்கொள்வதில் தவறு உண்டா?

18 ஏப்ரல் 2025, இரவு 11.25

லென்ஸைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். முதலில் திசையைப் பார்க்க வேண்டும்.

அங்கோர் வாட் மேற்கு நோக்கிய கோயில். அகழியைக் கடந்து செல்லும் நடுவழியில் நின்று கோபுரங்களைப் பார்க்கும்போது உங்கள் முகம் நேர்கிழக்கே இருக்கும். பால்வீதியின் மையப்பகுதி தனுசு ராசியின் திசையில், வான நடுக்கோட்டுக்கு (நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே வானத்தில் செல்லும் கோட்டுக்கு) 29 பாகை தெற்கே இருக்கிறது. அங்கோர் இருப்பது ஏறத்தாழ 13.4 பாகை வட அட்சரேகையில். அங்கிருந்து பார்த்தால் அந்த மையம் உதிக்கும் இடம் நேர்கிழக்கிலிருந்து 30 பாகை வலப்புறம் விலகியிருக்கும். உதித்தபின் மேலே ஏற ஏற அது இன்னும் தெற்கே போகுமே தவிர, கோபுரங்களின் பக்கம் திரும்பாது. ஆகவே நடுவழியில் நின்று எடுத்த படத்தில், நடுக்கோபுரத்தின் உச்சியில் பால்வீதியின் பிரகாசமான மையம் நின்றால், அந்த வானம் அந்தக் கோயிலுக்கு உரியதன்று.

ஜூன் மாதத்தில் இன்னொரு தடையும் இருக்கிறது. பொது நுழைவு காலை 5 மணிக்குத் திறக்கிறது. ஜூன் நடுவில் அங்கே சூரியன் ஐந்தரை மணி கடந்து சில நிமிடங்களில் உதித்துவிடும். விடியலின் முதல் வெளிச்சம் நாலேகால் மணியளவிலேயே வானத்தில் பரவத் தொடங்கிவிடும். நீங்கள் உள்ளே நுழையும்போது இருட்டு முடிந்திருக்கும், பால்வீதியின் மையமோ உங்கள் முதுகுக்குப் பின்னால் தென்மேற்கு அடிவானத்தில் மறைந்துகொண்டிருக்கும். அது மழைக்காலமும்கூட.

இதைச் சொல்வது உங்களை மனம் தளரச் செய்வதற்காக அன்று. அங்கோரின் விடியல் தன்னளவில் முழுமையான காட்சி. மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் சூரியன் நடுக்கோபுரத்தின் உச்சியிலேயே உதிப்பதை அந்த நடுவழியிலிருந்து காணலாம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூர்யவர்மன் காலத்தில் எழுந்த அந்தக் கட்டடமே வானத்தோடு ஒட்டி நிற்கிறது. அந்த உறவை அழித்துவிட்டு, தொடர்பில்லாத ஒரு வானத்தை அதன்மேல் போர்த்துவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

19 ஏப்ரல் 2025, காலை 7.50

ஈசூனிலிருந்து ஒருவர், கோயில் வளாகத்தின் வடக்குக் குளத்தின் கரையிலிருந்து பார்த்தால் கோணம் மாறாதா என்று கேட்டிருக்கிறார். மாறும். நான் சொன்னது நடுவழிக்கு மட்டும் பொருந்தும். இடப்புறக் குளக்கரைக்குப் போனால் கோபுரங்கள் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே திரும்பித் தெரியும். அகன்ற லென்ஸில் உதிக்கும் பால்வீதி சட்டத்தின் வலப்பக்கத்தில் இடம்பெறவும் கூடும். ஆயினும் அதற்கு மார்ச் அல்லது ஏப்ரல் மாதத்துப் பின்னிரவில், சிறப்பு அனுமதியுடன், வாயில் திறப்பதற்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும். இப்படி எடுத்த படம் உண்மையானதாக இருந்தால், எடுத்தவர் எங்கே நின்றார், எந்த மாதம், எத்தனை மணி என்பதைச் சொல்லத் தயங்கமாட்டார்.

21 ஏப்ரல் 2025, இரவு 9.40

சிங்கப்பூரில் எங்கே பயிற்சி செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். செயற்கை வெளிச்சத்தால் இரவு வானம் எவ்வளவு பிரகாசமாகியிருக்கிறது என்பதைக் காட்டும் உலக வரைபடத் தொகுப்பு 2016இல் வெளிவந்தது. அதில் ஒளிமாசு மிகுந்த நாடாகச் சிங்கப்பூர் குறிக்கப்பட்டது. இங்குள்ள மக்கள் அனைவரும், கண் முழுமையான இரவுப் பார்வைக்குப் பழக முடியாத அளவு வெளிச்சமான வானத்தின்கீழ் வாழ்கிறார்கள் என்றும் அது கூறியது. பால்வீதியை இங்கிருந்து எடுக்க முயல்வதில் பயனில்லை. ஆனால் விண்மீனின்மேல் கூர்மையாகக் குவியப்படுத்துவது, இருட்டில் பொத்தான்களைத் தடவியே கண்டுபிடிப்பது, முக்காலியை ஆடாமல் நிறுத்துவது ஆகியவற்றை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாகன நிறுத்துமிடத்தின் மேல்தளத்திலேயே பழகிக்கொள்ளலாம். மே மாதத்தில் இரவு 10 மணியளவில் நேர்தெற்கே, அடிவானத்திலிருந்து 29 பாகை உயரத்தில் தென்சிலுவை நிற்கும். அதன் நான்கு விண்மீன்களும் நம் நகர வெளிச்சத்தையும் மீறிக் கண்ணுக்குத் தெரிபவை. பயிற்சிக்கு அதைவிட நல்ல இலக்கு இங்கே இல்லை.

இருட்டு வேண்டுமென்றால் பெரும்பாலோர் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து மலேசியாவின் ஜோகூர் மாநிலக் கிழக்குக் கரைக்குப் போகிறார்கள். மெர்சிங் நம்மவர்களுக்குப் பழக்கமான ஊர். தியோமான் தீவுக்குப் படகு ஏறும் இடம். ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சிங்கப்பூர் ஏறத்தாழ 103.85 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, மெர்சிங்கும் கிட்டத்தட்ட அதே ரேகையில், சுமார் 125 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. அதாவது மெர்சிங்கிலிருந்து பார்த்தால் நம் நகரத்தின் வெளிச்சமும் ஜோகூர் பாருவின் வெளிச்சமும் தெற்கு அடிவானத்தில் கூடாரம்போல் எழுந்து நிற்கும். பால்வீதியின் மையம் உச்சிக்கு வருவதும் தெற்கேதான். நாம் விட்டு ஓடிவந்த வெளிச்சத்தின் பக்கமே கேமராவைத் திருப்ப நேரிடுகிறது.

இதற்கு வழி, மையம் உச்சிக்கு வரும்வரை காத்திராமல், அது தென்கிழக்கே கடலுக்குமேல் இருக்கும்போதே எடுத்துவிடுவது. ஏப்ரல் கடைசி வாரத்தில் அது இரவு 10.40 அளவில் உதிக்கும், 1 மணிக்கு 30 பாகை உயரத்தில் இருக்கும், 4.35க்குத்தான் நேர்தெற்கே வரும். 1 மணியையொட்டிய நேரமே சரியானது.

இன்னொரு செய்தி: அங்கோர் வாட்டும் கிட்டத்தட்ட இதே தீர்க்கரேகையில், 103.87 பாகையில்தான் இருக்கிறது. ஒரு விண்மீன் சிங்கப்பூரில் உச்சிக்கு வரும் அதே கணத்தில்தான் அங்கோரிலும் உச்சிக்கு வருகிறது. நம் கடிகாரம் மட்டும் ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி நம் நேரத்தை மேலும் அரை மணி நேரம் முன்னே தள்ளியதால், இங்கே சூரியன் உச்சிக்கு வரும் நண்பகல் என்பது பிற்பகல் 1 மணியையொட்டித்தான் நிகழ்கிறது. கைப்பேசிச் செயலியில் பார்த்த நேரத்தை ஊர் மாறும்போது அப்படியே நம்பாதீர்கள்.

29 ஏப்ரல் 2025, இரவு 10.05

அமாவாசையையொட்டி மெர்சிங்குக்கு வடக்கே ஒரு கடற்கரையில் இருந்துவிட்டு வந்தேன். தென்கிழக்கு வானம் நல்ல இருட்டு. அடிவானத்தில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் வரிசையாக எரிந்தன. அவற்றைப் படத்திலிருந்து நீக்கவில்லை. அந்தக் கடலில் இரவில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் அந்த இடத்தின் ஒரு பகுதி.

11 மே 2025, மாலை 4.30

வெளிச்சப் பதிவு எத்தனை விநாடி என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். 500ஐ லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைப்பதே உச்ச விநாடி என்ற பழைய கணக்கை எல்லோரும் சொல்வார்கள். 20 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 25 விநாடி வரும். பிலிம் காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இப்போதைய முழுச்சட்ட 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 6 மைக்ரோமீட்டர். 20 மில்லிமீட்டர் லென்ஸில் அது வானத்தில் சுமார் 62 விகலைக்குச் சமம் (ஒரு பாகைக்கு 3,600 விகலை). வானம் விநாடிக்கு 15 விகலை நகர்வதால், நடுக்கோட்டு விண்மீன் ஒன்று நான்கு விநாடிக்கு ஒரு பிக்சலைக் கடக்கிறது; 25 விநாடியில் ஆறு பிக்சல் நீளக் கோடாகிவிடும்.

இந்த வேகம் வானத்தில் எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. துருவங்களுக்கு அருகே மெதுவாகவும் நடுக்கோட்டில் மிக வேகமாகவும் இருக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்கு அந்த வேகமான பகுதி தலைக்கு நேர்மேலே செல்கிறது, இரு துருவங்களும் அடிவானத்தில் கிடக்கின்றன. வட ஐரோப்பாவில் இருப்பவர் எழுதிய அளவுகளை நாம் அப்படியே பின்பற்றக் கூடாததற்கு இதுவே காரணம். நான் 20 மில்லிமீட்டரில் 10 முதல் 13 விநாடிக்குமேல் போவதில்லை. அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 1.8 அல்லது 2, ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 3200 வைத்து, ஒரே இடத்தில் பல படங்கள் எடுத்துப் பிறகு அடுக்கிச் சேர்க்கிறேன். இதுவே லென்ஸ் கேள்விக்கும் விடை: 14 முதல் 24 மில்லிமீட்டருக்குள், அபெர்ச்சர் நன்றாகத் திறக்கும் ஒன்று.

11 மே 2025, இரவு 8.15

ஒன்றைச் சேர்க்க விட்டுவிட்டேன். குளிரூட்டிய விடுதி அறையிலிருந்து கேமராவை நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸின் முகத்தில் உடனே நீர் படியும். காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, வெளிவெப்பத்துக்கு வரும்வரை திறக்காமல் வையுங்கள். வீட்டில் உலர்பெட்டியில் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். நம் ஊரின் ஈரக்காற்றில் அலமாரியில் வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிப்பது உறுதி.

2 ஜூன் 2025, இரவு 11.50

வானத்தை ஒட்டுவது பற்றிய என் கருத்துக்குக் கடுமையான மறுப்பு வந்திருக்கிறது. புகைப்படக்கலை தொடங்கிய காலத்திலேயே பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலையும் மேகத்தையும் தனித்தனி நெகட்டிவ்களில் எடுத்து ஒன்றாக அச்சிட்டார், அவரை மேதை என்கிறோம், இன்று அதையே கணினியில் செய்பவரை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. இதைப் பல நாள் யோசித்தேன்.

1850களில் பயன்பட்ட ரசாயனப் பூச்சுகள் நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக இணங்கின. நிலத்துக்குப் போதுமான வெளிச்சம் கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராகப் பணிபுரிந்த கேப்டன் லின்னியஸ் டிரைப், தம் நெகட்டிவ்களில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்திருக்கிறார். ஆனால் அதே டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை எடுத்தபோது செய்ததைப் பாருங்கள். கேமராவைச் சுவரோடு நகர்த்தி நகர்த்தி 21 நெகட்டிவ்கள் எடுத்து, அச்சிட்டவற்றை வரிசையாக இணைத்து 19 அடிக்குமேல் நீளும் ஒரே படமாக்கினார். கல்லைப் பொறுத்தவரை ஓர் எழுத்தும் இடம் மாறக் கூடாது என்ற உறுதி அதில் தெரிகிறது. வானத்தை நிரப்பவேண்டிய வெற்றிடமாக அவர் எண்ணினார், கல்லை ஆவணமாக மதித்தார்.

என் கேள்வி இதுதான்: வானமும் ஆவணமாக முடியும் என்ற நிலை வந்துவிட்ட பிறகு, அதை ஏன் இன்னும் வெற்றிடமாகவே நடத்த வேண்டும்? விண்மீன் தெளிவாகப் பதிந்த ஒரு படத்திலிருந்து எடுத்த மாதத்தையும் மணியையும் பார்த்த திசையையும் கணக்கிட்டுவிடலாம். பகல் மேகம் அப்படி எதையும் சொல்வதில்லை.

3 ஜூன் 2025, காலை 6.40

நேற்று எழுதியதைத் தொடர்கிறேன். புகைப்படம் ஆவணமாக எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தோனேசியாவின் போரோபுதூரைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பௌத்தக் கட்டடத்தின் அடித்தளம், கட்டிய காலத்திலேயே கூடுதல் கற்களால் மூடப்பட்டது. அதன் பின்னால் 160 புடைப்புச் சிற்பங்கள் மறைந்திருப்பது 1885இல்தான் தெரியவந்தது. கற்களைப் பகுதி பகுதியாக அகற்றி, 1890க்கும் 1891க்கும் இடையில் ஜாவாவைச் சேர்ந்த காசியன் செஃபாஸ் அவற்றைப் படமெடுத்தார்; பிறகு கற்கள் திரும்ப அடுக்கப்பட்டன. தென்கிழக்கு மூலையில் உள்ள சில சிற்பங்களைத் தவிர மற்றவற்றை இன்று யாரும் நேரில் பார்க்க முடியாது. அவற்றைப் பற்றி அறிய விரும்பும் ஒவ்வொருவரும் அந்த ஒரு மனிதரின் படங்களைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அவர் அழகுக்காக ஓர் உருவத்தையேனும் மாற்றியிருந்தால், நமக்கு அது தெரியவே வாய்ப்பிருந்திராது.

இப்போது என் நிலையைச் சற்றுத் திருத்தமாகச் சொல்ல முடிகிறது. முக்காலியை அசைக்காமல், முன்னிரவின் நீல வெளிச்சத்தில் கோயிலையும் நள்ளிரவுக்குப் பின் அதே திசை வானத்தையும் எடுத்துச் சேர்ப்பதை நான் மறுக்கவில்லை. அதில் நேரம் மட்டுமே இணைக்கப்படுகிறது, இடமும் திசையும் மாறவில்லை. படத்தின்கீழ் அதைக் குறிப்பிட்டால் போதும். நியூசிலாந்தில் எடுத்த வானத்தைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து ஒட்டுவதை மட்டுமே மறுக்கிறேன். அங்கே தலைக்கு மேலே செல்லும் விண்மீன்கள் தஞ்சாவூரில் தெற்கு வானத்தின் பாதி உயரத்தைக்கூட எட்டுவதில்லை. பார்ப்பவருக்கு அது தெரியாது என்பது அதைச் செய்வதற்கு நியாயம் ஆகாது.

22 ஜூன் 2025, மதியம் 2.20

இயற்கைக் காட்சிகளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டவருக்கு: திசை தானாகவே சரியாக அமைந்த ஓர் இடமாக புரோமோ எரிமலையைச் சொல்வேன். கிழக்கு ஜாவாவில் 2,770 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெனஞ்சகான் முனையிலிருந்து பார்த்தால், மணற்கடலின் நடுவே 2,329 மீட்டர் உயர புரோமோவும், அதற்கும் பின்னால் 3,676 மீட்டர் உயர செமேரு எரிமலையும் தெற்குப் பக்கமாகவே தெரியும். ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை நீளும் வறண்ட காலத்தில் பால்வீதியும் அந்தப் பக்கம்தான் வருகிறது. விடியலைக் காண வரும் ஜீப்புகளின் விளக்கும் கைவிளக்கும் பின்னிரவில் முனையை நிறைத்துவிடும். அதற்கு முன்பே போய்விடுங்கள், கடுங்குளிருக்கான உடையோடு.

13 ஜூலை 2025, மாலை 5.00

பகல் வெளிச்சத்தைப் பற்றியும் இதே கோணத்தில் பேச வேண்டும். சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும் என்ற எண்ணம் வடக்கு நாட்டு நூல்களிலிருந்து நமக்கு வந்தது. சிங்கப்பூரில் ஜூன் மாத நண்பகல் சூரியன் தலைக்கு 22 பாகை வடக்கே நிற்கிறது. தஞ்சாவூரிலும் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதிவரை அது வடக்கே நிற்கும். வடக்குச் சுவரின் சிற்பங்களில் நண்பகல் வெளிச்சம் விழுவது அந்த மாதங்களில் மட்டுமே.

உச்சி வெயில் சிற்பத்துக்கு ஆகாது. புருவத்தின் நிழலும் மேல்விளிம்பின் நிழலும் விழுந்து முகங்கள் இருண்டுவிடும். ஆனால் கல்வெட்டுக்கு அதே வெயில்தான் வேண்டும். சுவரை உரசிக்கொண்டு இறங்கும் ஒளி, ஒவ்வோர் எழுத்தின் வெட்டிலும் மெல்லிய நிழலை நிரப்பித் தெளிவாக்கும். மற்றவர்கள் நிழல் தேடிப் போகும் நேரத்தில் நான் பெரிய கோயிலின் அடித்தளத்தை எடுப்பது இதனால்தான்.

நம் ஊரில் இதற்குத் தேசிய அரும்பொருளகத்தில் சிங்கப்பூர்க் கல் இருக்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் 1819இல் கண்டெடுக்கப்பட்ட பெரும்பாறை, 1843இல் வெடிவைத்து உடைக்கப்பட்டது. எஞ்சிய துண்டின் எழுத்து இன்றுவரை வாசிக்கப்படவில்லை. நேரே நின்று எடுத்தால் அது வெறும் கரடுமுரடான கல்லாகவே தெரியும். பக்கவாட்டு வெளிச்சம் படும் கோணத்தைத் தேடி நின்றால் வரிகள் எழுந்து வருகின்றன. உடைப்பதற்கு முன் யாரேனும் அதை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்திருந்தால் என்று அங்கே நிற்கும்போதெல்லாம் நினைத்து வருந்துகிறேன். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டு அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன.

31 ஆகஸ்ட் 2025, இரவு 9.15

வரும் செப்டம்பர் 8 அதிகாலை முழுச் சந்திர கிரகணம் இங்கே தெரியும், 1.30 முதல் 2.52வரை நிலவு முழுவதும் நிழலுக்குள் இருக்கும். நிலவு அப்போது கிட்டத்தட்ட தலைக்கு மேலே நிற்பதால், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் கோபுரத்தையும் அதையும் ஒரே சட்டத்தில் கொண்டுவர இயலாது. நிலவை மட்டும் நீண்ட லென்ஸில் எடுங்கள். கட்டடத்தோடு சேர்த்து எடுக்க விரும்புவோர் 2026 மார்ச் 3ஆம் தேதிவரை பொறுத்திருக்க வேண்டும். அன்று மாலை நிலவு முழுக் கிரகணத்துடனேயே கிழக்கே உதிக்கும், 8.03வரை அப்படியே இருக்கும். கிழக்கே திறந்த கடற்கரையோ உயரமான தளமோ தேவை.

14 செப்டம்பர் 2025, காலை 10.30

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி, டிசம்பரில் தஞ்சாவூர் செல்வதாகவும் பெரிய கோயிலோடு பால்வீதியை எடுக்க முடியுமா என்றும் கேட்கிறார். முடியாது, அம்மா. மார்கழியில் சூரியன் தனுசு ராசியில் நிற்கிறது. பால்வீதியின் மையமும் அதே திசையில் இருப்பதால், அது பகலில் சூரியனோடு எழுந்து சூரியனோடு மறைந்துவிடும்.

அதற்குப் பதிலாக அந்தக் கோயிலுக்கே பொருந்தும் ஒன்று இருக்கிறது. மிருகசீரிடமும் ஆதிரையும் உள்ள ஓரியன் கூட்டத்தின் நடுவில் மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும். அவை வான நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் கிட்டத்தட்ட நேர்மேற்கே மறைகின்றன. பெரிய கோயில் கிழக்கு நோக்கியது. கிழக்கு வாயிலுக்கு வெளியே நின்றால் மேற்கே விமானம் தெரியும். டிசம்பர் கடைசி வாரத்தில் அதிகாலை 4.30க்கு அந்த மூன்றும் சுமார் 14 பாகை உயரத்தில் இருக்கும். 66 மீட்டர் உயர விமானத்தின் உச்சியும், ஏறத்தாழ 265 மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் அதே உயரத்தில் தெரியும். ஆதிரை சற்று வலப்புறம், ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் பிந்தி மறையும். 5.10க்குப் பிறகு விடியல் வெளிச்சம் கலந்துவிடும்.

தெருவிளக்குகள் விமானத்தின் கீழ்ப்பகுதியையும் முன்வாயில்களையும் மஞ்சளாக்கும் என்பதால் 4 விநாடிக்குமேல் திறந்து வைக்காதீர்கள். 35 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். சாலை ஓரத்தில் முக்காலி நிறுத்துவதற்கு முன் அங்கே இருக்கும் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். அதற்கு இப்போதே எழுதிப் போடுவது நல்லது.